அசையாத சுட்டியும் உறைந்த தொலைபேசியும்: வழு கண்டறிதல், மீளத்தொடக்கல்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்
க.பொ.த. (சாதாரண தரம்) மாணவர்களுக்கான பாட விளக்கமும் மாதிரி வினாவும்



கணினி வன்பொருள் என்ற அலகைப் படிக்கும்போது உள்ளீட்டுச் சாதனங்களின் பெயர்களை மனனம் செய்துவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுவது உங்களிற் பலருடைய வழக்கம். "சுட்டி ஓர் உள்ளீட்டுச் சாதனமாகும்" என்று எழுதினால் அதற்குரிய புள்ளி கிடைக்கும். ஆனால் ஒரு சூழ்நிலையைத் தந்து, "இவ்வழுவுக்குக் காரணமாக அமையக்கூடிய இரண்டினைக் குறிப்பிடுக" என்று கேட்டால் பேனா நின்றுவிடுகின்றது. வகுப்பில் நான் வைக்கும் மாதிரிப் பரீட்சைகளில் இவ்வாறான வினாவுக்குக் கிடைக்கும் விடைகளுள் அதிகமானது "சுட்டி பழுதடைந்துள்ளது" என்பதாகும். இது விடையன்று. வினாவையே திருப்பி எழுதுவதாகும்.

இப்பாடத்தில் இரண்டு சாதனங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று வடமில்லாச் சுட்டி (கம்பியில்லா மவுஸ்). மற்றையது கையடக்கத் தொலைபேசி. இரண்டுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. எதனையும் இழக்காத செயலை முதலிற் செய்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. இழப்பு ஏற்படக்கூடிய செயலை இறுதிக்கு வைக்குக. இவ்வொழுங்கை மனதிற் கொண்டால் எந்தச் சாதனத்தைப் பற்றிக் கேட்டாலும் உங்களால் விடை எழுத முடியும்.

வடமில்லாச் சுட்டி எவ்வாறு தொழிற்படுகின்றது?

சுட்டியை அமெரிக்கரான டக்ளஸ் எங்கெல்பார்ட் உருவாக்கினார். 1964 இல் செய்யப்பட்ட முதலாவது மாதிரி ஒரு மரப்பெட்டி. அதனடியில் இரண்டு சில்லுகள் இருந்தன. 1968 டிசம்பர் 9 ஆம் திகதி சான்பிரான்சிஸ்கோவில் அவர் அதனைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். பின்னர் பந்து வைத்த சுட்டி வந்தது. நான் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவியாகக் கணினிக் கூடத்துக்குள் முதன்முதலாகப் போனபோது பிடித்தது அந்தப் பந்துச் சுட்டியைத்தான். வாரத்துக்கு ஒரு தடவை பந்தைக் கழற்றி அழுக்குச் சுரண்டுவார்கள்.

இன்று பயன்படுத்தப்படுவது ஒளியியற் சுட்டி. அதனடியில் ஓர் ஒளிகாலும் இருவாயியும் மிகச் சிறிய கமரா போன்ற ஓர் உணரியும் உள்ளன. இருவாயியின் ஒளி மேசையிற் பட்டுத் தெறிக்கும்போது உணரி ஒரு செக்கனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுக்கின்றது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு சுட்டி எத்திசையில் எவ்வளவு நகர்ந்தது என்பது கணிக்கப்படுகின்றது. இதனாலேயே கண்ணாடி மேசையில் சுட்டி தடுமாறுகின்றது. கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஏற்ற புள்ளிகளோ கோடுகளோ இல்லை. ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இவ்வாறு கணிக்கப்பட்ட தகவல் கணினிக்கு எவ்வாறு செல்கின்றது? வடமுள்ள சுட்டியில் வடத்தினூடாகச் செல்லும். இது வழிப்படுத்தப்பட்ட ஊடகம். வடமில்லாச் சுட்டியில் வானொலி அலையாகச் செல்லும். இது வழிப்படுத்தப்படாத ஊடகம். "வழிப்படுத்தப்படாத ஊடகத்துக்கு உதாரணம் தருக" என்ற வினாவுக்கு எல்லோரும் செய்மதியை எழுதுகின்றார்கள். உங்கள் கைக்கடியில் இருக்கும் சுட்டியும் நல்ல உதாரணமே.

வடமில்லாச் சுட்டி இரு வகைப்படும். முதலாவது வகைக்கு நகத்தளவான ஒரு பெறுவி உண்டு. அதனைக் கணினியின் யூஎஸ்பி துறையிற் செருக வேண்டும். இரண்டாவது வகை புளூடூத் மூலம் இணைவது. அதற்குத் தனியான பெறுவி தேவையில்லை. ஆனால் கணினியில் புளூடூத் வசதி இருத்தல் வேண்டும். முதற்றடவை இரண்டையும் சோடி சேர்க்கவும் வேண்டும். இரு வகைகளும் பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ் மீடிறன் பட்டியையே பயன்படுத்துகின்றன.

விஞ்ஞானப் பாடத்திற் படித்த சமன்பாட்டை இங்கே ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள்.

அலைநீளம் = வேகம் ÷ மீடிறன்
= 3 × 10⁸ ÷ 2.4 × 10⁹
= 0.125 மீற்றர், அதாவது 12.5 சென்ரிமீற்றர்

இதே பட்டியை வைஃபை வழிச்செலுத்தியும் (றூட்டர்) பயன்படுத்துகின்றது. நுண்ணலை அடுப்பும் ஏறத்தாழ இதே மீடிறனிற்றான் தொழிற்படுகின்றது. ஆகவே ஒரே அறையில் பலர் ஒரே நேரத்தில் உரத்துப் பேசுவதுபோல இடையூறு ஏற்படலாம். உலோக அலுமாரியும் உலோக மேசையும் அலையைத் தடுக்கும். மேசைக்கு அடியில், கணினிப் பெட்டியின் பின்புறத்தில் செருகப்பட்ட பெறுவிக்கும் மேசைமேல் உள்ள சுட்டிக்கும் இடையில் எத்தனை தடைகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள்.

மாணவர்கள் அறியாத இன்னொரு காரணமும் உண்டு. நீல நிற நாக்குடைய யூஎஸ்பி 3.0 துறைகளும் அவற்றிற் செருகப்படும் வெளி வன்தட்டு போன்ற சாதனங்களும் 2.4 கிகாஹேட்ஸ் பட்டியில் இரைச்சலை வெளியிடுகின்றன. இன்ரெல் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட ஒரு தொழினுட்ப ஆவணத்திலே இது விளக்கப்பட்டது. வெளி வன்தட்டைச் செருகிய உடனே சுட்டி விட்டுவிட்டு நகர்ந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். பெறுவியை வேறு துறைக்கு, முடிந்தால் முன்பக்கத் துறைக்கு, மாற்றினாற் போதும்.

சுட்டி அசையவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

எங்கள் வகுப்பில் ஒரேயொரு கணினிதான் உண்டு. பிள்ளைகள் முறைவைத்து அதிற் பழகுவார்கள். ஒரு நாள் செயன்முறைப் பயிற்சிக்கு நடுவில் ஒரு மாணவன் எழும்பி, "ரீச்சர், மவுஸ் செத்துப்போச்சு" என்றான். நானும் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சம் இல்லை. பற்றரியை மாற்றினேன். அப்போதும் வெளிச்சம் இல்லை. செத்துவிட்டது என்று நானே தீர்ப்புக் கூறி, அதை மேசை இலாச்சிக்குள் எறிந்துவிட்டு, அம்மாதத்து வகுப்புக் காசில் புதிதாக ஒன்று வாங்கினேன். ஆறேழு மாதங்களுக்குப் பிறகு, பரீட்சை எழுதி முடித்த ஒரு பழைய மாணவன் வந்து இலாச்சியைக் கிளறி அதை எடுத்தான். பற்றரிக் குழியில் இருந்த சுருள்வில்லைப் பார்த்தான். "ரீச்சர், இதில வெள்ளையாப் பூத்திருக்கு" என்றான். தேசிக்காய்த் துண்டால் தேய்த்து, துணியால் துடைத்து, காய விட்டு, பற்றரி போட்டான். சிவப்பு வெளிச்சம் வந்தது. வழு கண்டறிதலைப் படிப்பிக்கும் ரீச்சரே படியொன்றைத் தாண்டிவிட்டார். நான் பற்றரியை மட்டும் பார்த்தேன், பற்றரி தொடும் இடத்தைப் பார்க்கவில்லை.

அந்த வெள்ளைப் படிவு என்ன? காரப் பற்றரி நெடுநாள் உள்ளே இருந்தால் கசியலாம். கசிவது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. அது வளியிலுள்ள காபனீரொட்சைட்டுடன் தாக்கமுற்றுப் பொற்றாசியம் காபனேற்றாகப் படிகின்றது. இப்படிவு மூல இயல்புடையது. ஆகவே தேசிக்காய்ச் சாறு, வினாகிரி போன்ற மென்னமிலத்தால் நடுநிலையாக்கலாம். வெறுங்கையால் தொட வேண்டாம். ஈரம் முற்றாகக் காய்ந்த பின்னரே புதிய பற்றரியை இடுக. நீண்ட விடுமுறைக்குப் பாடசாலைக் கணினிக் கூடத்தைப் பூட்டும்போது சுட்டிகளின் பற்றரிகளைக் கழற்றி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இனி ஒழுங்கைப் பார்ப்போம். சுட்டியைத் திருப்பி அதனடியில் உள்ள ஆளி திறந்திருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். பைக்குள் கொண்டு திரியும்போது ஆளி தானாகவே மூடப்படுவதுண்டு. புதிய சுட்டியாயின் பற்றரிக்கும் தொடுகைக்கும் இடையில் வைக்கப்பட்ட பிளாத்திக்குத் துண்டை இழுத்து எடுத்தோமா என்று பார்க்க வேண்டும். பின்னர் பற்றரியின் நேர், மறை முனைகள் சரியாக உள்ளனவா, பற்றரியில் மின் உள்ளதா, தொடுகைகள் சுத்தமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அடியில் வெளிச்சம் இல்லாத காரணத்தால் மட்டும் சுட்டிக்கு மின் இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். சில சுட்டிகள் கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ் ஒளியைப் பயன்படுத்துகின்றன. சில, நெடுநேரம் அசைக்காவிட்டால் உறக்க நிலைக்குச் சென்றுவிடும். ஒருமுறை பொத்தானை அழுத்தினால் விழித்துவிடும்.

மின் சரி என்று கண்டபின் பெறுவிக்கு வாருங்கள். அதனைக் கழற்றி, சிறிது நேரம் கழித்து வேறொரு துறையிற் செருகுங்கள். பழைய துறையில் ஒரு பளிச்சீட்டு நினைவகத்தை (பென் டிரைவ்) செருகிப் பார்த்தால் துறை நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்.

இதன் பின்னர் செய்ய வேண்டிய சோதனையே இப்பாடத்தின் உயிர்நாடி. சுட்டியையும் அதன் பெறுவியையும் எடுத்துச் சென்று வேறொரு கணினியில் இணைத்துப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் சுட்டி நல்லது, வழு முதற் கணினியில் உள்ளது. அங்கேயும் வேலை செய்யாவிட்டால் வழு சுட்டியிலோ பெறுவியிலோ உள்ளது. இதைப் போலவே, நன்றாக வேலை செய்யும் ஒரு வடமுள்ள சுட்டியை முதற் கணினியிற் செருகியும் சோதிக்கலாம். சந்தேகத்துக்குரிய ஒரு பகுதியை மட்டும் மாற்றிப் பார்ப்பதால் மற்றைய பகுதிகள் குற்றமற்றவை என்று நிரூபணமாகின்றன. பற்றரி, துறை, கணினி மூன்றையும் ஒரே தடவையில் மாற்றி, சுட்டி வேலை செய்துவிட்டால் எது காரணம் என்று உங்களால் ஒருபோதும் சொல்ல முடியாது. பரீட்சையில் "நீர் இம்முடிவுக்கு வந்தமைக்கான காரணம் யாது?" என்று கேட்டால் எழுதுவதற்கும் ஒன்றுமிராது.

ஓர் எச்சரிக்கை. ஒரு சுட்டியின் பெறுவியை இன்னொரு சுட்டிக்குப் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொரு பெறுவியும் தன் சோடியையே அறியும். சில நிறுவனங்களின் பெறுவிகள் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட சாதனங்களை ஏற்கும். உதாரணமாக லொஜிரெக் நிறுவனம் 2009 இல் அறிமுகப்படுத்திய ஒருவகைப் பெறுவியுடன் அந்நிறுவனத்தின் பொருத்தமான சாதனங்கள் 6 வரை சேர்க்கலாம். கணினிக் கூடத்தில் பத்துச் சுட்டிகளின் பெறுவிகளை ஒரே பெட்டியிற் போட்டுக் கலந்துவிட்டால் ஒரு முழுப் பாடவேளை வீணாகும். சுட்டியிலும் பெறுவியிலும் ஒரே இலக்கத்தை ஒட்டி வையுங்கள்.

சுட்டி இல்லாமற் கணினியை மீளத்தொடக்கல்

வழு கணினியில் உள்ளது என்று கண்டுவிட்டோம். சுட்டிக்குரிய சாதனச் செலுத்தி தற்காலிகமாகத் தடுமாறியிருக்கலாம். கணினியை மீளத்தொடக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் சுட்டி இல்லாமல் எவ்வாறு செய்வது? உடனே மின் ஆளியை மூடிவிடுகின்றவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். சேமிக்கப்படாத வேலை முழுவதும் போய்விடும்.

சாவிப்பலகை இருக்கின்றது. முதலில் கொன்ட்ரோல் சாவியுடன் எஸ் சாவியை அழுத்தி, செய்துகொண்டிருந்த ஆவணத்தைச் சேமிக்குக. அதன்பின் விண்டோஸ் சாவியுடன் டி சாவியை அழுத்தினால் மேசைமுகப்பு தோன்றும். ஓல்ற் சாவியுடன் எஃப் 4 ஐ அழுத்தினால் கணினியை நிறுத்துவதற்கான சிறிய பெட்டி வரும். அம்புக்குறிச் சாவிகளால் ரீஸ்டார்ட் என்பதைத் தெரிவுசெய்து என்டர் சாவியை அழுத்துக. மேசைமுகப்புக்குப் போகாமல் ஓல்ற், எஃப் 4 இரண்டையும் அழுத்தினால் அப்போது திறந்திருக்கும் செயலிதான் மூடப்படும். இவ்வொழுங்கைக் கவனத்திற் கொள்க.

"நிறுத்திவிட்டு மீண்டும் போட்டேன் ரீச்சர், சரிவரவில்லை" என்பார்கள் சிலர். 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், கணினி விரைவாகத் தொடங்குவதற்கான ஒரு வசதி சேர்க்கப்பட்டுள்ளது. அவ்வசதி இயங்கும் கணினியை ஷட் டவுன் செய்யும்போது பணிசெயல் முறைமையின் உட்பகுதி அப்போதிருந்த நிலையிலேயே வன்தட்டிற் சேமிக்கப்படுகின்றது. மீண்டும் போடும்போது அதே நிலை திரும்ப ஏற்றப்படுகின்றது. வழுவும் அதனுடன் கூடவே திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் செய்யும்போது அவ்வாறு சேமிக்கப்படுவதில்லை. முறைமை அடியிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஆகவே இரண்டும் ஒன்றல்ல.

கையடக்கத் தொலைபேசி உறைந்துவிட்டால்

திரை அப்படியே நிற்கின்றது. தொட்டால் அசைவில்லை. அல்லது எல்லாம் மிக மெதுவாக நடக்கின்றது. இது ஏன் ஏற்படுகின்றது?

தொலைபேசியும் ஒரு கணினியே. அதில் இரு வகை நினைவகங்கள் உள்ளதை நினைவிற் கொள்க. இயங்கிக்கொண்டிருக்கும் செயலிகளும் அவற்றின் தரவுகளும் றாம் நினைவகத்தில் உள்ளன. இது அழிதகு நினைவகம். மின் நிறுத்தப்பட்டால் உள்ளடக்கம் அழிந்துவிடும். உங்கள் புகைப்படங்கள், குரற்பதிவுகள், குறிப்புகள் என்பன துணைத் தேக்ககத்தில் உள்ளன. மின் நின்றாலும் அவை அழியா.

செயலிகள் றாம் நினைவகத்தில் இடம் எடுத்துக்கொள்கின்றன. வேலை முடிந்தபின் அவ்விடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சரியாக எழுதப்படாத செயலி திருப்பிக் கொடுப்பதில்லை. கடன் வாங்கியவர் திருப்பித் தராததுபோல, நாளடைவில் கையிருப்புக் குறைந்து மற்றையவர்களுக்கும் இல்லாமற் போகின்றது. மீளத்தொடக்கும்போது றாம் முழுவதும் வெறுமையாகி, பணிசெயல் முறைமை புதிதாக ஏற்றப்படுகின்றது. வேலை செய்வதன் காரணம் இதுதான். இதில் மாயமொன்றும் இல்லை. துணைத் தேக்ககத்தில் உள்ளவை தொடப்படுவதில்லை என்பதனையும் இதிலிருந்தே நீங்கள் உய்த்தறியலாம்.

தொல்லை தரும் மென்பொருள்களுள்ளும் சில றாம் நினைவகத்தில் மட்டுமே தங்கியிருப்பவை. 2023 ஜூன் மாதத்தில் அவுஸ்திரேலியப் பிரதமர் அந்தனி அல்பனீஸ், ஒவ்வோர் இரவும் தொலைபேசியை 5 நிமிடங்கள் நிறுத்தி வைக்குமாறு தம் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். அக்கோரிக்கைக்குப் பின்னால் இருப்பதும் அழிதகு நினைவகம் என்ற இப்பாடமே.

சமிக்ஞை கிடைக்கவில்லை, இணையம் வரவில்லை என்பது மட்டுந்தான் குறை என்றால் மீளத்தொடக்கலுக்கும் முன்னர் ஒரு படி உண்டு. விமானப் பயண நிலையை (ஃபிளைட் மோட்) இட்டு, சில செக்கன்களின் பின் நீக்குக. தொலைபேசி கோபுரத்துடன் புதிதாகத் தொடர்பு கொள்ளும். பல தடவைகளில் இதுவே போதுமானது.

திரை தொடுகைக்கு இசைந்தால் மின் பொத்தானை அழுத்திப் பிடித்து, வரும் பட்டியலில் ரீஸ்டார்ட் என்பதைத் தொடலாம். புதிய தொலைபேசிகள் சிலவற்றில் அவ்வாறு பிடித்தால் குரல் உதவியாளர் வந்து நிற்பார். அவற்றில் மின் பொத்தானுடன் ஒலிப் பொத்தான் ஒன்றையும் சேர்த்துச் சிறிது நேரம் அழுத்த வேண்டும்.

திரை முற்றாக உறைந்திருந்தால் வலிந்து மீளத்தொடக்க வேண்டும். முன்னைய தொலைபேசிகளில் பின்மூடியைக் கழற்றிப் பற்றரியை எடுத்துவிடுவோம். இன்று பெரும்பாலானவற்றிற் பற்றரியைக் கழற்ற முடியாது. அதற்குப் பதிலாகப் பொத்தான்கள் உள்ளன. சம்சுங் கலக்ஸி வகைகளில் மின் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் ஒன்றாக 7 செக்கன்களுக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வேறு அன்ட்ரொயிட் தொலைபேசிகள் பலவற்றில் மின் பொத்தானை மட்டும் 30 செக்கன் வரை பிடித்தாற் போதும். ஐபோன் 8 உம் அதற்குப் பின்னர் வந்தவையும் வேறு விதம். ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தி உடனே விட வேண்டும். ஒலி குறைக்கும் பொத்தானை அழுத்தி உடனே விட வேண்டும். பின்னர் பக்கப் பொத்தானை, அப்பிள் சின்னம் தோன்றும் வரை பிடித்திருக்க வேண்டும். திரையும் மென்பொருளும் உறைந்திருக்கும்போது பொத்தான் மட்டும் எவ்வாறு வேலை செய்கின்றது? இந்நீண்ட அழுத்தத்தை உணர்வது தொலைபேசியின் மின்வழங்கலைக் கட்டுப்படுத்தும் தனியான சுற்று. மேசைக் கணினியின் மின் பொத்தானைச் சில செக்கன்கள் பிடித்தால் அது அணைந்துவிடுவதும் இதைப் போன்றதே.

மீளத்தொடக்கல் வேறு, மீளமைத்தல் வேறு

இப்பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள்.

2021 இல் பாடசாலைகள் மூடப்பட்டு இணையவழியில் வகுப்புகள் நடந்த காலம். எனது மாணவி ஒருத்தி தாயாருடைய தொலைபேசியிலேயே படித்தாள். ஐந்து மாதக் குறிப்புகள் அதில் படங்களாக இருந்தன. வெளிநாட்டில் வேலை செய்த தகப்பனார் அனுப்பிய குரற்பதிவுகளும் அதில் இருந்தன. ஒரு நாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கையில் தொலைபேசி உறைந்தது. யாரோ சொன்னார்கள் என்று இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தியிருக்கிறாள். ஒலி குறைக்கும் பொத்தானுக்குப் பதிலாகக் கூட்டும் பொத்தான். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் வந்தது. அதன் முதல் வரி ரீபூட் சிஸ்ரம் நௌ. கீழே ஒரு வரி வைப் டேற்றா, ஃபக்ரறி ரீசெட். ரீசெட் என்றாலும் மீண்டும் தொடங்குவதுதானே என்று நினைத்து அவள் கீழ் வரியைத் தெரிவுசெய்தாள். உறுதிதானா என்று தொலைபேசி கேட்டது. ஓம் என்று கொடுத்தாள்.

தொலைபேசி நன்றாக வேலை செய்தது. அதில் ஒன்றும் இருக்கவில்லை. குறிப்புகளை நண்பிகளிடமிருந்து மீண்டும் பெற்றுக்கொண்டாள். குரற்பதிவுகளை எவரிடமிருந்து பெறுவது? இத்தனைக்கும் றாம், துணைத் தேக்ககம் இரண்டினதும் வரைவிலக்கணத்தை அவள் வகுப்பிற் பிழையின்றி எழுதுபவள். அந்த வரைவிலக்கணத்துக்கும் அந்தக் கறுப்புத் திரைக்கும் தொடர்பு உண்டு என்று நான்தான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் இப்பகுதியை நான் விடுவதில்லை.

மீளத்தொடக்கல் றாம் நினைவகத்தை மட்டும் வெறுமையாக்கும். தொழிற்சாலை நிலைக்கு மீளமைத்தல் பயனர் துணைத் தேக்ககத்தில் சேமித்த தரவுகளையும் நிறுவிய செயலிகளையும் அழிக்கும். புதிய தொலைபேசிகளில் தரவுகள் மறைகுறியாக்கப்பட்டே சேமிக்கப்படுவதால், மீளமைத்தலின் பின் அவற்றை மீட்டெடுப்பது நடைமுறையில் இயலாது. சிம் அட்டையில் உள்ளவை அழியா. நினைவக அட்டையில் உள்ளவையும் பொதுவாக அழிவதில்லை. முன்னரே இணையத்தில் காப்புப்பிரதி எடுக்கப்பட்டிருந்தால் அதிலிருந்து மீட்கலாம். இன்னொன்று, 2015 இல் வந்த அன்ட்ரொயிட் 5.1 முதல், இவ்வாறு மீளமைத்த தொலைபேசியை மீண்டும் பயன்படுத்த முன்னைய கூகிள் கணக்கின் கடவுச்சொல் கேட்கப்படலாம். கடவுச்சொல் மறந்திருந்தால் தொலைபேசியும் இல்லை.

அப்படியொரு கறுப்புத் திரை தவறுதலாக வந்துவிட்டால் பதற வேண்டாம். அதில் முதல் வரியாகிய ரீபூட் சிஸ்ரம் நௌ என்பதையே தெரிவுசெய்க. ஒலிப் பொத்தான்களால் மேலும் கீழும் நகரலாம். மின் பொத்தானால் தெரிவுசெய்யலாம். திருத்தும் கடையிற் கொடுக்கும்போதும், "ரீசெட் பண்ணப் போறீங்களோ அண்ணா? உள்ளுக்கு இருக்கிறது அழியுமோ?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

மாதிரி வினா

ஒரு பாடசாலை நூலகத்தில் உள்ள கணினியுடன் பெறுவி மூலம் இணையும் வடமில்லாச் சுட்டி பயன்படுத்தப்படுகின்றது. காலையில் நூலகர் கணினியை இயக்கியபோது சுட்டுக்குறி அசையவில்லை. சாவிப்பலகை வழமைபோல் வேலை செய்தது. அதே சுட்டியையும் பெறுவியையும் அதிபர் அலுவலகக் கணினியில் இணைத்தபோது சுட்டி நன்றாக வேலை செய்தது.

(i) சுட்டியின் பற்றரி தீர்ந்துவிட்டது என்று நூலகர் கூறுகின்றார். இக்கூற்றை நீர் ஏற்கின்றீரா? காரணம் தருக. (2 புள்ளிகள்)

(ii) வழுவுக்கு ஏதுவாகக்கூடிய இரண்டு காரணங்களைக் குறிப்பிடுக. (2 புள்ளிகள்)

(iii) சுட்டியைப் பயன்படுத்தாமல், சேமிக்கப்படாத ஆவணத்தை இழக்காமல் கணினியை மீளத்தொடக்கும் முறையை எழுதுக. (3 புள்ளிகள்)

(iv) நூலகரின் தொலைபேசியும் மெதுவாக இயங்குகின்றது. அதனைத் தொழிற்சாலை நிலைக்கு மீளமைக்குமாறு ஒரு மாணவன் கூறுகின்றான். இதனைவிடப் பொருத்தமான முதற் செயல் ஒன்றைக் குறிப்பிட்டு, நினைவக வகைகளைக் கொண்டு காரணம் விளக்குக. (3 புள்ளிகள்)

விடைகளும் விளக்கமும்

(i) ஏற்கவில்லை. வேறொரு கணினியில் அதே சுட்டி அதே பற்றரியுடன் வேலை செய்தமையால் பற்றரியில் மின் உள்ளது. "ஏற்கவில்லை" என்று மட்டும் எழுதியவருக்கு ஒரு புள்ளிதான் கொடுப்பேன். மற்றைய புள்ளி காரணத்துக்குரியது.

(ii) பெறுவி செருகப்பட்டிருந்த யூஎஸ்பி துறை பழுதடைந்திருத்தல். சுட்டிக்குரிய சாதனச் செலுத்தி சரியாக ஏற்றப்படாமை. நூலகக் கணினியின் அருகே உள்ள வைஃபை வழிச்செலுத்தி, உலோகத் தட்டு, யூஎஸ்பி 3.0 சாதனம் என்பவற்றால் வானொலி அலைக்கு இடையூறு ஏற்படல் என்பதும் ஏற்கப்படும். மேசைப் பரப்பு கண்ணாடியாக இருத்தல் என்பதற்கும் புள்ளி உண்டு. ஏனெனில் சுட்டி இடம் மாறும்போது மேசையும் மாறிவிட்டது. "பெறுவி பழுது" என்று எழுதினால் புள்ளி இல்லை. அப்பெறுவி அலுவலகத்தில் வேலை செய்ததே.

(iii) கொன்ட்ரோல், எஸ் சாவிகளால் ஆவணத்தைச் சேமித்தல். விண்டோஸ், டி சாவிகளால் மேசைமுகப்புக்குச் செல்லல். ஓல்ற், எஃப் 4 ஐ அழுத்தி அம்புக்குறிச் சாவியால் ரீஸ்டார்ட் என்பதைத் தெரிவுசெய்து என்டர் சாவியை அழுத்தல். சேமித்தலை இறுதியில் எழுதியவர் அதற்குரிய புள்ளியை இழப்பார். ஆவணத்தையும் இழப்பார்.

(iv) தொலைபேசியை மீளத்தொடக்குதல் (1 புள்ளி). மீளத்தொடக்கும்போது அழிதகு நினைவகமாகிய றாம் மட்டும் வெறுமையாவதால் செயலிகள் விடுவிக்காத இடம் மீளக் கிடைக்கும் (1 புள்ளி). துணைத் தேக்ககத்தில் உள்ள பயனர் தரவுகள் அழியமாட்டா, ஆனால் மீளமைத்தலில் அவை அழியும் (1 புள்ளி). "மீளமைத்தல் கூடாது" என்று எழுதுவதும் பிழை. தொலைபேசியை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதோ விற்கும்போதோ அதுவே செய்ய வேண்டிய செயல். இங்கே அது முதற் செயலன்று என்பதே விடை.